நாலு கிருமி, ஒரே வளையம்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே கிருமி ஆய்வகம் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் துணி இயந்திரங்களின் உறுமல், மறுபக்கம் அட்டைப்பெட்டிகள் இழுபடும் சத்தம். அங்கே பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தவளை எல்லோரும் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கில் இருந்த கண்ணாடி அவ்வளவு தடிமன். நோயாளிகளின் ரத்தமோ சிறுநீரோ மலமோ எது வந்தாலும் அதைத் தட்டில் தேய்த்துக் கிருமியை வளர்ப்பதும், அது எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்த்து எழுதிக் கொடுப்பதும் அவள் வேலை.

"நானும் ஒரு சமையல்காரிதான். என்ன, என் சமையல யாரும் சாப்பிட மாட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு தளம் மேலே, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான வார்டில் தலைமை நர்ஸாக இருந்தது அவளுடைய சொந்த அக்கா. ஐந்து வயது மூத்தவள். குடியிருப்பும் ஒரே கட்டடம். அக்கா குடும்பம் மாடியில், இவள் குடும்பம் கீழே. காலையில் ஒரே பஸ், ஒரே இருக்கை, ஒரே டிபன் பை. அந்த மாதம் மட்டும் பஸ் ஒன்றாக இருந்தது, இருக்கை வேறாகிவிட்டது.

காரணம் ஒரு மெமோ.

வார்டில் ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி ஏறியது. கிளெப்சியெல்லா என்ற கிருமி. சாதாரண மருந்து எதற்கும் அடங்கவில்லை. கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த மருந்தும் தோற்றது. சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்து ஒதுக்கி வைத்திருந்த வேறொரு மருந்தைக் கொடுத்து, மூன்று வாரம் மல்லுக்கட்டி அந்தக் குழந்தையைக் காப்பாற்றினார்கள். மூச்சு விடுவதற்குள் இன்னொரு குழந்தையின் சிறுநீரில் ஈ.கோலை. அதுவும் அடங்காத ரகம். அடுத்து மூன்றாவது குழந்தையின் மலத்தில் என்டிரோபாக்டர்.

தொற்றுத் தடுப்புக் குழு கூடியது. தலைமை வகித்த கண்காணிப்பாளர் கண்டிப்பான டாக்டர் அம்மா. முதல் குழந்தைக்கு நோய் வந்தபோதே வார்டு முழுக்கப் பஞ்சுக்குச்சியால் துடைத்து மாதிரி எடுத்து, கிளெப்சியெல்லா எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொன்னவர் அவர். எங்கேயும் அகப்படவில்லை. இப்போது மூன்று குழந்தைகளுக்கு மூன்று வேறு கிருமி. ஒன்றிலிருந்து ஒன்று பரவியதாக இருந்தால் ஒரே கிருமியாக அல்லவா இருக்க வேண்டும்? ஆகவே மூன்றும் தனித்தனிச் சம்பவம். மூன்றுக்கும் பொதுவான காரணம் நர்ஸுகள் ஒழுங்காகக் கைகழுவாததாகத்தான் இருக்கும் என்று தீர்மானமானது. ஆறு பேருக்கு மெமோ. பட்டியலில் முதல் பெயர் அக்கா.

அன்றைக்குப் பஸ் நிறுத்தத்திலேயே வெடித்துவிட்டாள்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இது மொத மெமோ. அதுல ஆதாரம்னு ஒரு பேப்பர பின் பண்ணிருக்காங்க. அதுல யார் கையெழுத்து தெரியுமா? என் கூடப்பிறந்தவ கையெழுத்து!"

"தட்டுல வந்தத எழுதினேன்க்கா. கைகழுவலன்னு நானா எழுதினேன்?"

"எழுதலதான். எழுதாமலே எழுதிட்ட போ."

அதற்கப்புறம் பேச்சு இல்லை. மாமா மட்டும் மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "ரெண்டு பேரும் எப்ப ராசியாவீங்க? வீட்ல எனக்குக் காது வலிக்குது" என்று கிசுகிசுத்துவிட்டுப் போவார்.

கண்ணாடிக்கு வருத்தத்தைவிட வேறொன்று அதிகமாக உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று தட்டுகள்.

மருந்துப் பரிசோதனைக்குத் தட்டு முழுக்கக் கிருமியைப் பரப்பி, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளைப் பொட்டு வைத்த மாதிரி வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் மறுநாள் வில்லையைச் சுற்றி எதுவும் முளைக்காமல் தெளிவான வட்டம் விழும். வேலை செய்யாவிட்டால் வில்லையை ஒட்டியே கிருமி முளைத்திருக்கும். ஒரு தட்டில் ஆறு வில்லைக்கு இடம் உண்டு. ஆனால் கடைசித் தட்டில் வைக்க ஐந்து மருந்துதான் பட்டியலில் இருந்தது. ஆறாவது இடம் காலியாக இருந்தால் அவளுக்குக் கண்ணை உறுத்தும். ஆகவே, அலமாரியில் மிச்சமிருந்த ஒரு பழைய மருந்தின் வில்லையை அங்கே வைத்துவிடுவாள். அந்த மருந்தை அந்த மருத்துவமனையில் யாருக்கும் கொடுத்துப் பதினைந்து வருஷமாகியிருந்தது. கொடுப்பார் இல்லாததால் எல்லாக் கிருமியும் அதற்குச் செத்துக்கொண்டிருந்தன. தட்டில் பெரிய வட்டம் விழும். பார்க்க அழகாக இருக்கும். அவ்வளவுதான்.

இந்த மூன்று தட்டிலும் அந்த வட்டம் விழவே இல்லை.

மூன்று வேறு கிருமி. மூன்றும் கடைசிக் கையிருப்பு மருந்துக்கு அசையவில்லை. மூன்றும் யாரும் பயன்படுத்தாத அந்தப் பழைய மருந்துக்கும் அசையவில்லை. முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் தற்செயல் என்று சொல்லலாம். சட்டையின் உள்பக்கம் ஒரே இடத்தில் ஒரே கிழிசலும் இருந்தால்?

படிக்கும் காலத்தில் பரீட்சைக்காக உருப்போட்ட பாடம் ஒன்று அவளுக்கு நினைவுக்கு வந்தது. கிருமிகள் தாய்க்குப் பின் பிள்ளை என்று வம்சவழியாக மட்டும் மரபணுவைக் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற கிருமிக்கு, அது வேறு இனமாக இருந்தாலும், கையில் இருப்பதைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். சில மரபணுக்கள் பெரிய இழையில் சேராமல் தனியாக ஒரு சின்ன வளையத்தில் இருக்கும். பிளாஸ்மிட் என்று அதற்குப் பெயர். ஒரு கிருமி இன்னொன்றைத் தொட்டுப் பிடித்து, குழாய் மாதிரி ஒன்றை நீட்டி, வளையத்தின் பிரதியை அந்தப் பக்கம் தள்ளிவிடும். மருந்தை எதிர்க்கும் வித்தை அந்த வளையத்தில் இருந்தால், வாங்கிக்கொண்டதற்கும் வித்தை வந்துவிடும். கோடிக்கணக்கான கிருமிகள் நெருக்கியடித்து வாழும் மனிதக் குடல் அதற்குத் தோதான சந்தை.

அப்படியென்றால் வார்டில் பரவுவது கிருமி இல்லை. வளையம்.

ஆய்வகத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர்தான். எதைக் கேட்டாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பார். அதனால் அவருக்கு 'அப்புறம் சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"சார், இது கிருமி மாத்தி கிருமி கைமாறுது சார். ஒரு சோதனை பண்ணிக் காமிக்கட்டுமா?"

"நாம என்ன ஆராய்ச்சி நிலையமா? தினம் நூத்தம்பது சாம்பிள் வருது. அப்புறம் பாக்கலாம்."

"சாப்பாட்டு நேரத்துல பண்ணிக்கறேன் சார்."

அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

சோதனைக்கு ஒரு சாதுவான ஈ.கோலை தேவைப்பட்டது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்த ஒரு தோழி கொடுத்தனுப்பினாள். எந்த மருந்தைப் பார்த்தாலும் செத்துவிடும். ஒரே ஒரு ரசாயனத்தை மட்டும் தாங்கிக்கொள்ளும். கண்ணாடி அதற்குச் 'சாது' என்று பெயர் வைத்தாள். முதல் குழந்தையின் கிளெப்சியெல்லாவுக்கு அந்த ரசாயனம் ஆகாது. இரண்டையும் ஒன்றாகப் பழகவிட்டு, அப்புறம் கடைசிக் கையிருப்பு மருந்தும் அந்த ரசாயனமும் சேர்த்துக் கலந்த தட்டில் தேய்க்க வேண்டும். ரசாயனம் கிளெப்சியெல்லாவைக் கொன்றுவிடும். மருந்து சாதுவைக் கொன்றுவிடும். பிழைத்து முளைப்பது ஏதாவது இருந்தால், அது வளையத்தைக் கைமாற்றி வாங்கிக்கொண்ட சாதுவாகத்தான் இருக்கும்.

இரண்டையும் குழம்பு மாதிரியான சத்து நீரில் போட்டு, ஆட்டும் இயந்திரத்தில் வைத்தாள். மறுநாள் தட்டில் தேய்த்தாள். அதற்கு மறுநாள் காலை தட்டைத் திறந்து பார்த்தாள். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு பொட்டுகூட முளைக்கவில்லை.

திரும்பவும் செய்தாள். திரும்பவும் வெறும் தட்டு.

'பாடம் படிச்சு இருபது வருஷம் ஆச்சு. எனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை' என்று நினைத்தாள். சாதுவை எடுத்து உறைபெட்டியில் போட்டு மூடினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வார்டின் வாராந்திர மாதிரிகளின் முடிவு தெரிந்தது. ஒவ்வொரு குழந்தையின் மலத்திலிருந்தும் ஒரு பஞ்சுக்குச்சி. அதில் நாலாவதாக ஒரு குழந்தை மாட்டியது. இருபத்தேழு வாரத்திலேயே, தொள்ளாயிரம் கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தை. பெயர் வைக்கப் பெற்றோருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வார்டில் அதைப் 'பட்டாணி' என்று கூப்பிட்டார்கள். அப்பா குழாய் வேலை பார்ப்பவர். அம்மா சீருடை தைக்கும் ஆலையில் தையல்காரி. ஐந்து வாரமாக இருவரும் மாறி மாறி நெஞ்சில் சாய்த்து வைத்துப் பட்டாணியை ஆயிரத்து நானூறு கிராமுக்குக் கொண்டு வந்திருந்தார்கள்.

பட்டாணிக்கு இன்னும் நோய் இல்லை. ஆனால் அவள் குடலில் அடங்காத கிருமி வந்துவிட்டது. குடலிலிருந்து ரத்தத்துக்குப் போக அவ்வளவு சின்ன உடம்பில் எவ்வளவு தூரம்?

அன்றே கண்காணிப்பாளர் உத்தரவு போட்டார். அடுத்த திங்கட்கிழமை வார்டு மூடப்படும். ஏழு குழந்தைகளும் ஆம்புலன்ஸில் நாலு மணி நேரப் பயணமாக வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை குழு கூடி அதை உறுதி செய்யும்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஆய்வகத்து வாசலில் வந்து நின்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"ரெண்டு குழந்தைங்க அவ்வளவு தூரம் தாங்காதுடி. பட்டாணி ஒண்ணு. மெமோ கெடக்குது, குப்பை. உனக்கு எதாச்சும் தெரிஞ்சா சொல்லு."

கண்ணாடி வில்லை விஷயத்தைச் சொன்னாள். தோற்றுப்போன சோதனையையும் சொன்னாள். அக்காவுக்கு வளையமும் வட்டமும் பாதிதான் புரிந்தது. ஆனால் கேட்ட கேள்வி சரியாக இருந்தது.

"குழம்புல போட்டு ஆட்டினேன்ங்கற. குடல்ல யாருடி ஆட்டறா? அங்க எல்லாம் சவ்வுல ஒட்டிக்கிட்டுல்ல கெடக்கும்?"

கண்ணாடி வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டினால் பிடி விலகிவிடும். ஒன்றையொன்று தொட்டுப் பிடித்து நிற்க அவகாசமே இருக்காது. சில வளையங்கள் ஏதாவது பரப்பில் ஒட்டிக்கொண்டு நெருங்கிக் கிடந்தால்தான் கைமாறும். இதுவும் அந்தப் பாடத்தில் இருந்ததுதான், அடிக்குறிப்பில். அடிக்குறிப்பைப் பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டாள்.

டிபன் டப்பாவை அக்கா கையில் திணித்துவிட்டு எழுந்தாள். சாதுவை வெளியே எடுத்து வளர்த்தாள். மறுநாள் காலை, சாதுவிலும் கிளெப்சியெல்லாவிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, தட்டின் மேல் வைத்த ஒரு மெல்லிய வடிதாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விட்டாள். உடம்புச் சூட்டில் ஆடாமல் அசையாமல் வைத்தாள். சாயங்காலம் வடிதாளைச் சுரண்டி, மருந்தும் ரசாயனமும் கலந்த தட்டில் தேய்த்துவிட்டுப் போனாள்.

இன்னொன்றும் செய்தாள். பட்டாணியின் முந்தைய வாரத்து மாதிரிகள் எல்லாம் உறைபெட்டியில் இருந்தன. வார்டுக் குழந்தைகளின் மாதிரிகளை மூன்று மாதம் வைத்திருப்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொன்றையும் எடுத்துத் திரும்ப வளர்த்தாள். பட்டாணியின் குடலில் இருந்த ஈ.கோலை கொஞ்சம் விசித்திரமானது. மற்ற ஈ.கோலை எல்லாம் சாயம் கலந்த வளர்ப்புத் தட்டில் இளஞ்சிவப்பாக முளைக்கும். பட்டாணியுடையது நிறமே இல்லாமல் முளைக்கும். எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம்.

வியாழக்கிழமை காலை. துணி இயந்திரங்கள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. கண்ணாடி வெதுப்புப் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து, விளக்கின் எதிரே தூக்கிப் பிடித்தாள்.

முளைத்திருந்தது.

முதலில் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தாள். கடுகு தாளித்த மாதிரி தட்டு முழுக்கப் பொட்டுப் பொட்டாக இருந்தது. எண்ணினாள். நாற்பத்தொன்று. நாற்பத்தொரு சாதுக்கள், தங்களைக் கொல்ல வேண்டிய மருந்தின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தன.

கத்த வேண்டும் போலிருந்தது. யாரும் இல்லாததால் கத்தினாள். மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் ஓடி வந்து, "என்னம்மா, கையில ஊத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. மாத்திக்கிச்சு. ஒண்ணுக்கொண்ணு குடுத்து மாத்திக்கிச்சு!"

"சரிம்மா" என்று அவர் பின்வாங்கிப் போய்விட்டார்.

பட்டாணியின் தட்டுகள் அதைவிடத் தெளிவாகப் பேசின. இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம்: நிறமில்லாத ஈ.கோலை, எல்லா மருந்துக்கும் சாகிறது. நாலாம் வாரம்: அதே ஈ.கோலை, இன்னும் சாகிறது. ஆனால் கூடவே புதிதாகச் சிட்ரோபாக்டர் என்ற கிருமியின் ஏழெட்டுப் பொட்டுகள். அதற்கு மருந்து வேலை செய்யவில்லை. ஏழெட்டே பொட்டு என்பதால் அந்த வாரம் கண்ணில் படாமல் போயிருந்தது. ஐந்தாம் வாரம்: சிட்ரோபாக்டரைக் காணோம். நிறமில்லாத ஈ.கோலை மட்டும் இருந்தது. அது இப்போது சாகவில்லை.

வழிப்போக்கன் மாதிரி ஒரு கிருமி வந்து, பட்டாணியின் சொந்தக் கிருமிக்கு வளையத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அந்தச் சின்னக் குடலுக்குள், ஒரே வாரத்துக்குள்.

சிட்ரோபாக்டர் சாக்கடைத் தண்ணீரிலும் வாழும் கிருமி என்பது கண்ணாடிக்குத் தெரியும். முதல் குழந்தைக்கு நோய் வந்தபோது வார்டில் துடைத்தெடுத்த மாதிரிகளின் பதிவேட்டை எடுத்தாள். பால் அறையின் கைகழுவும் தொட்டி: 'கிளெப்சியெல்லா இல்லை. சாக்கடையில் வழக்கமாக இருக்கும் நீர்க்கிருமி மட்டும்.' அவளுடைய கையெழுத்து. அந்த நீர்க்கிருமி என்னவென்று அன்றைக்கு அவள் பார்க்கவே இல்லை. தேடச் சொன்னது கிளெப்சியெல்லாவை. அது இல்லை என்று எழுதித் தட்டைக் குப்பையில் போட்டாள்.

பதிவேட்டையும் தட்டுகளையும் அள்ளிக்கொண்டு அப்புறம் சார் அறைக்குப் போனாள். அவர் தட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எழுந்து கோட்டை மாட்டினார்.

"சார், குழு நாளைக்குத்தானே?"

"நாளைக்கு என்ன நாளைக்கு? இப்பவே வா!"

பதினெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'இப்பவே' என்ற சொல்லை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

கண்காணிப்பாளரின் மேசையில் கோப்புகளை நகர்த்திவிட்டுத் தட்டுகளை வரிசையாக வைத்தாள். விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னாள். பதிவேட்டை விரித்து, "இது என் தப்பு மேடம். தொட்டியில அன்னைக்கே இருந்திருக்கு. நான் பேர மட்டும் தேடினேன்" என்றாள்.

கண்காணிப்பாளர் தட்டை எடுத்து நாற்பத்தொரு பொட்டுகளையும் பார்த்தார்.

"பேரத் தேடச் சொன்னது நான்தானே" என்றார். "இப்ப என்ன பண்ணணும்ங்கற?"

"கிருமி பேரையே மறந்துடலாம் மேடம். கடைசி மருந்து கலந்த தட்டோட வார்டுக்குப் போறேன். எல்லா எடத்துலயும் தொடச்செடுக்கறேன். அதுல எது முளைச்சாலும் சரி, அது எந்தக் கிருமியா இருந்தாலும் சரி, அந்தப் பழைய மருந்து வில்லையையும் வெச்சு அதோட சட்டையைப் பாப்போம்."

"மூணு நாள் தரேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லு. அதுவரைக்கும் ஆம்புலன்ஸ் உத்தரவ நிறுத்தி வைக்கறேன்."

அன்று பிற்பகலே அக்காவும் தங்கையும் வார்டைச் சல்லடை போட்டார்கள். கதவுப் பிடி, எடை பார்க்கும் தட்டு, குழந்தைகளை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகளின் துளை, தொலைபேசி, அக்காவின் பேனா, ஆறு தொட்டிகள். அறுபத்து நாலு குச்சி. சனிக்கிழமை காலை அறுபத்து மூன்று தட்டு சுத்தமாக இருந்தது. பால் அறைத் தொட்டியின் தட்டு மட்டும் விளிம்புவரை பூத்துக் கிடந்தது. சிட்ரோபாக்டர். கடைசி மருந்துக்கு வட்டம் இல்லை. பழைய மருந்துக்கும் வட்டம் இல்லை.

தாய்மார்கள் பால் எடுக்கும் கருவியின் பாகங்களையும் அலசும் தொட்டி அது. ஆனால் கண்காணிப்பாளர் விடவில்லை. "சாக்கடைக்குள்ள இருக்கறது மேல எப்படி வரும்? அலசற தண்ணி குழாய்லேர்ந்துதானே வருது? குழாய்த் தண்ணிய சோதிச்சு சுத்தம்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

நியாயமான கேள்வி. சகோதரிகள் இருவரும் பால் அறையில் நின்று தொட்டியையே வெறித்தார்கள். அப்போது மனைவியின் பால் கருவிப் பாகங்களை எடுத்துக்கொண்டு பட்டாணியின் அப்பா உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டவர், பாகங்களைக் கீழே வைக்காமலே தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"இந்தக் குழாய வெச்சவன் யாருங்க சிஸ்டர்? தண்ணி நேரா ஓட்டை மேலயே விழுது பாருங்க. ஓட்டைக்குக் கீழ எப்பவும் தண்ணி தேங்கி நிக்கும். மேலேர்ந்து அடிச்சா அது தெறிக்காம என்ன பண்ணும்? நாலு வெரக்கடை தள்ளி வெச்சிருக்கணும். எங்க தொழில்ல மொத நாள் சொல்லிக் குடுக்கறது இது."

அக்கா மருந்து அலமாரிக்கு ஓடினாள். காயத்துக்குப் போடும் ஊதா மருந்தைத் தண்ணீரில் கலந்து தொட்டியின் ஓட்டைக்குள் ஊற்றினாள். தொட்டியைச் சுற்றிலும், கழுவிய பாகங்களைக் காயவைக்கும் தட்டியிலும் வெள்ளைத் தாள்களைப் பரப்பினார்கள். பட்டாணியின் அப்பா குழாயைத் திறந்து வைத்து, தன் கைக்கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் பார்த்து மூடினார்.

தாள்களில் ஊதாப் புள்ளிகள். தொட்டி விளிம்பில் அடர்த்தியாக, அப்பால் சிதறலாக இருந்தன. காயவைக்கும் தட்டியில் இருந்த தாளை அக்கா கையில் எடுத்தாள். நடுவில் மூன்று புள்ளி. தொட்டியிலிருந்து இரண்டு முழ தூரம்.

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அக்காவின் தோள் குலுங்கியது.

"கையக் கழுவு, கையக் கழுவுன்னு மெமோ குடுத்தாங்களே... கழுவற எடத்துலதாண்டி இருந்திருக்கு! எவ்வளவு கழுவினோமோ அவ்வளவு தெளிச்சிருக்கோம்டி!"

கண்ணாடி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அடக்க முடியவில்லை. பட்டாணியின் அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்ப இது நல்ல சேதியா கெட்ட சேதியா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"நல்ல சேதிதான் தம்பி! இதவிட நல்ல சேதி இந்த வருஷத்துல கெடையாது!"

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தொட்டியைப் பெயர்த்தார்கள். மருத்துவமனையின் குழாய்க்காரர்கள் இரண்டு பேர் வேலை செய்ய, பட்டாணியின் அப்பா வாசலில் நின்று, "அந்த வளைவையும் சேத்து எடுங்க, அங்கதான் சளி மாதிரி படிஞ்சிருக்கும்" என்று மேஸ்திரி கணக்காக உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னபடியேதான் இருந்தது. ஓட்டையைச் சுவரோடு அடைத்தார்கள். பால் கருவிப் பாகங்கள் எல்லாம் அன்றிலிருந்து கருவிகளை நீராவியில் வேகவைக்கும் பிரிவுக்குப் போய் வந்தன. மற்ற தொட்டிகளில் குழாயை நாலு விரல் தள்ளி வைத்தார்கள்.

திங்கட்கிழமை ஆம்புலன்ஸ் வரவில்லை. கண்காணிப்பாளர் வந்தார். வார்டு நடுவில் நின்று, ஆறு மெமோவின் எண்களையும் படித்து, "இது எல்லாம் ரத்து. உங்க மேல தப்பு இல்ல. நான் எழுதினது தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றார். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "டீ சாப்பிடறீங்களா மேடம்?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பஞ்சுக்குச்சிகளின் முடிவு வந்தது. முதல் வாரம், புதிதாக ஒரு குழந்தைக்கும் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. மூன்றாம் வாரம் வார்டில் புதிதாகச் சேர்ந்த இரட்டைக் குழந்தைகளுக்கும் இல்லை. கண்ணாடி வழக்கமாகத் தொலைபேசியில் சொல்லும் முடிவுகளை இப்போது இரண்டு மாடி ஏறிப் போய் நேரில் சொன்னாள். அவள் தலை கதவில் தெரிந்ததும் நர்ஸுகள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்புவார்கள். அவள் இரண்டு கையையும் விரித்து வெறுங்கையைக் காட்டுவாள். அவ்வளவுதான், வார்டில் ஒரு பெருமூச்சு ஓடும்.

பட்டாணிதான் பாக்கி. அவள் குடலில் வளையம் ஏற்கெனவே குடியேறிவிட்டது. தாய்ப்பாலைத் தவிர வேறு மருந்து எதுவும் கொடுக்காமல் காத்திருப்பது என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். மருந்து இல்லாத இடத்தில் அந்த வளையத்தைச் சுமப்பது கிருமிக்கு வெட்டிச் சுமை. சுமக்காதவை முந்திக்கொண்டு பெருகும். எல்லாக் குழந்தைக்கும் இப்படி நடக்கும் என்று உறுதி கிடையாது. நடக்கும் என்று கண்ணாடி வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. வாராவாரம் எண்ணினாள். முதல் வாரம் தட்டு நிறைய. இரண்டாம் வாரம் பாதி. மூன்றாம் வாரம் பதினொரு பொட்டு. நாலாம் வாரம் ஒன்றுகூட இல்லை. நம்பாமல் மாதிரியைத் திரும்ப வாங்கினாள். இல்லை. ஐந்தாம் வாரம் இல்லை. ஆறாம் வாரம் இல்லை.

மூன்று முறை தொடர்ந்து இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது விதி. ஆறாம் வாரத்துத் தாளில் கண்ணாடி கையெழுத்துப் போட்டாள். அப்புறம் சார் பக்கத்தில் நின்று, தன் கையெழுத்தைப் பெரிதாக, அடியில் கோடு இழுத்துப் போட்டார்.

பட்டாணி வீட்டுக்குப் போன காலையில் அவள் எடை இரண்டு கிலோ நானூறு. பெற்றோர் ஒருவழியாகப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் வார்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அம்மா தன் ஆலையில் மிச்சமான துணியில் தானே தைத்த சட்டையைப் போட்டுவிட்டிருந்தாள். அதற்கே தோள் பெரிதாகத் தொங்கியது. நர்ஸுகள் வரிசையாக நின்றார்கள். கீழ்த்தளத்திலிருந்து கண்ணாடியும் வந்திருந்தாள். பட்டாணியை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதுவரை தட்டில்தான் பழக்கம்.

"தூக்கிக்கறீங்களா?" என்று அம்மா நீட்டினாள்.

கண்ணாடி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பட்டாணி கண்ணைத் திறந்து, அந்தத் தடிமனான கண்ணாடியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, வீறிட்டாள். தாழ்வாரத்தின் மறுகோடியில் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருந்தவர் நின்று திரும்பிப் பார்த்தார். எதிர் வார்டின் கதவு திறந்தது. கண்காணிப்பாளரே அறையிலிருந்து தலையை நீட்டினார். பிறந்தபோது அழக்கூட மூச்சில்லாமல் இருந்த குழந்தை கட்டடமே அதிரும்படி கத்தியது.

"அடியம்மா!" என்றாள் அக்கா, காதைப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக. "என்ன தொண்டைடி இது! கத்து, நல்லா கத்து!"